பவுனுவின் வலது காது

பவுனுக்கு ஒரு காதுதான் கேட்கும். வலது காது. இடது காது பிறவியிலேயே செவிடு. எங்கள் ஊர் நாய்களில் முழு வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றுக்கு இப்படி ஆவதுண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்காதுக்கும் வேண்டியிருக்கின்றன. அவை இல்லாதபோது காது வேலை செய்யாமல் போய்விடுகிறது. இதெல்லாம் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. நாங்கள் முதலில் கவனித்தது வேறு. எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் பவுனு வலப்பக்கம்தான் திரும்புவாள். இடப்பக்கம் நிற்கிற ஆளை வலப்பக்கச் சுவரில் தேடுவாள். குட்டியாக இருந்தபோது அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அந்த ஒற்றைக் காதில்தான் சீழ் வந்தது. ஒரு முறை அல்ல. வந்தது, போனது, மறுபடி வந்தது. அப்போது ஒவ்வொரு நாளும் நான் செய்தது சரியா தப்பா என்று கேட்க ஆளில்லாமல் தவித்தேன். காது மடிந்து தொங்கும் நாய் வளர்க்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். கணவர் செந்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் ஷிப்டு வேலை. மாமனார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் யாழினிக்கு மூன்று வயது நடக்கிறது. நான் விலங்கியல் படித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். மனிதக் காதின் படத்தைக் கரும்பலகையில் பார்க்காமலே வரைவேன். ஆனால் வீட்டு நாயின் காதுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

முதலில் வாசம்தான் வந்தது. மாவு புளித்துப் பொங்கினால் வருமே, அந்த வாசம். மாவுச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகுதான் அது காலடியில் படுத்திருந்த பவுனுவிடமிருந்து வருகிறது என்று தெரிந்தது. தலையை உதறிக்கொண்டே இருந்தாள். காதைப் பின்னங்காலால் பிறாண்டினாள். எதிர்வீட்டு அக்கா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி ஊற்றச் சொன்னார். இரண்டு நாள் ஊற்றினோம். வாசம் கூடியது. மருந்துக்கடையில் கேட்டு மனிதருக்கான சொட்டு மருந்து வாங்கி விட்டோம். பிறகு உள்ளூரில் ஒரு மருத்துவரிடம் ஊசி, வேறு சொட்டு மருந்து. அதில் நன்றாகவே குணம் தெரிந்தது. வாசம் போனது, நாங்களும் மருந்தை நிறுத்தினோம். கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. இந்த முறை காதின் உள்பக்கம் சிவந்து தடித்து, துளையே தெரியவில்லை.

அந்த வாரம்தான் அது நடந்தது. படுத்திருந்த பவுனுவின் மேல் யாழினி வழக்கம்போல் சாய்ந்து கட்டிப்பிடித்தாள். அவள் கை வலது காதின் மேல் அழுந்தியிருக்க வேண்டும். பவுனு சட்டென்று திரும்பிக் கடித்தாள். பல் கவுனில்தான் பட்டது, துணி கிழிந்தது. உடம்பில் ஒன்றும் இல்லை. குழந்தை அழக்கூட இல்லை. பவுனு போய்க் கொல்லைச் சுவரோரம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் கிழிந்த துணியை விரித்து விரித்துப் பார்த்தேன்.

சாயங்காலம் மாமனார் என்னைக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

"ஏம்மா கவிதா, நான் அதுக்கு விரோதி இல்ல. இருக்கது ஒத்தக் காது. அதும் போயிருச்சுன்னா, யாரு வாரா யாரு போறான்னு அதுக்குத் தெரியாது. தூக்கத்துல புள்ள தொட்டா என்ன செய்யும்? மகாராஜபுரத்துல தம்பி தோப்பு கெடக்கு. அங்கன விட்டா அதுக்கும் நல்லது, நமக்கும் நிம்மதி."

அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகப் பட்டது. குழந்தையின் தாயாக யோசித்தால் முழுவதுமே சரி. ஆனாலும் தோப்பில் கட்டிப் போட்டால் காதை யார் பார்ப்பார்கள்? வலியோடும் செவிடாகவும் ஒரு மாமரத்தடியில் கிடப்பாள்.

"காது போனாத்தான மாமா? போகாம நான் பாத்துக்கிடுதேன்."

"பாரு. வேண்டாங்கல. ஆனா தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லி வைக்கேன்."

மாம்பழ சீசன் முடிந்ததும் சின்ன மாமனார் வண்டியோடு வருவார் என்று முடிவானது. அதுவரை எனக்கு அவகாசம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கால்நடை மருத்துவர், காதுக்குள் பார்க்கும் கருவியும் நுண்ணோக்கியும் வைத்திருக்கிறார் என்று செந்திலின் தறிக்கூடத்தில் யாரோ சொன்னார்கள். ஆட்டோக்காரர்கள் பவுனுவின் உயரத்தைப் பார்த்துவிட்டே மறுத்தார்கள். தெருவில் குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறவரைப் பிடித்தோம். பின்னால் சாக்கு விரித்து, நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பவுனுவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். செந்திலுக்குப் பகல் ஷிப்டு. நாயைத் தோப்புக்கு அனுப்பச் சொன்னவரே எனக்குத் துணைக்கு வந்தார்.

காத்திருக்கும் இடம் ஒரு தகரக் கொட்டகை. சினையாட்டோடு வன்னியம்பட்டிக்காரர் ஒருவர், கோழியை மடியில் வைத்திருந்த ஒரு பெண், நாங்கள். ஆட்டுக்காரர் பவுனுவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாமாவிடம் என்ன நோவு என்று விசாரித்தார். காதில் சீழ் என்றார் மாமா.

"நாய்க்கா? எங்க வீட்டுல எனக்கே ஒரு காது கேக்காது. ஒருத்தரும் வண்டி புடிக்கல."

"ஒமக்குக் கேக்காட்டா வீட்டுக்காரிக்குத்தான நிம்மதி," என்றார் கோழி வைத்திருந்த பெண். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பவுனு தலையை உதற, சீழ்த் துளி ஒன்று என் சேலையில் தெறித்தது. அதற்குப் பிறகு யாரும் கேலி பேசவில்லை. ஆட்டுக்காரர் தன் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

டாக்டரம்மா என் வயதுக்காரர்தான். முதலில் என்னென்ன காதில் விட்டோம் என்று கேட்டார். எண்ணெயில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவர் திட்டவில்லை. ஒரு தாளில் படம் வரைந்தார். நம் காதுத்துளை ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாய்க்கு அப்படியில்லை. மேலிருந்து கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. அடுப்படித் தொட்டிக்கு அடியில் இருக்கும் வளைவுக் குழாய் மாதிரி. தண்ணீரோ எண்ணெயோ உள்ளே போனால் அந்த வளைவில் தங்கிவிடும். மேலே மடல் மூடிக்கொண்டிருப்பதால் காயவும் காயாது.

பிறகு சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிச் செருப்புத் தடங்கள் போல ஒரு கூட்டம். ஈஸ்ட் என்னும் பூஞ்சை. எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான், ஈரமும் வீக்கமும் கிடைத்தால் பெருகிவிடும் என்றார். கூடவே பாக்டீரியாவும் இருந்தது. எந்த மருந்துக்கு அது சாகும் என்று அறிய இன்னொரு மாதிரியை மதுரைக்கு அனுப்பினார். அதற்குப் பெயர் வளர்ப்புப் பரிசோதனை.

உடனே சொட்டு மருந்து எழுதித் தருவார் என்று நினைத்தேன். தரவில்லை.

"வீக்கத்துல எனக்குச் செவிப்பறை தெரியல. அது கிழிஞ்சிருந்தா, சில சொட்டு மருந்து உள்ள போயி இருக்க காதையும் கேக்காம ஆக்கிரும். வீக்கம் வத்த மாத்திரை தாரேன். நான் செவிப்பறையைக் கண்ணால பாக்குற வரைக்கும் ஒரு சொட்டு கூட விடக்கூடாது."

நாங்கள் விட்ட மருந்துகள் எல்லாம் என் கண்முன் வந்து நின்றன. அவற்றில் எது உள்ளே போயிருக்கும்? வெளியே வரும்போது மாமா சங்கிலியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வண்டியில் ஏற பவுனு மறுத்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வெறுங்கையோடு திரும்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. யாழினிக்காக மாமா பால்கோவா வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு விரலளவு எடுத்து வண்டிக்குள்ளிருந்து நீட்டினார். பவுனு ஒரே தாவு.

"இவளுக்கு வைத்தியம் இதுதான் போல," என்றார் மாமா.

வீக்கம் வற்றிய பிறகு மயக்கம் கொடுத்துக் காதைக் கழுவ நாள் குறித்தார்கள். செந்தில் விடுப்பு எடுத்து வந்தார். ஊசி ஏறியதும் பவுனுவின் தலை என் மடியில் கனமாகச் சரிந்தது. அவளை உள்ளே தூக்கிப் போனார்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாக விட்டு, உறைந்து கிடக்கும் அழுக்கைக் கரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். அடியில் செவிப்பறை தெரியும். முழுசாக இருக்கும், அல்லது இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம்.

யாழினியின் காதுகுத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அன்றைக்கு என் பையில் இருந்தது. பிள்ளையின் காதுக்குச் சேர்த்தது நாயின் காதுக்குப் போகிறது என்று என் அம்மா போனில் சொல்லியிருந்தார். அது வேடிக்கையாகச் சொன்னதா, குத்திக் காட்டியதா என்று அங்கே உட்கார்ந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். செந்தில் பேசுகிற ஆள் இல்லை. தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பேண்டேஜ் துணி உருளையைச் சின்னச் சின்னச் சதுரங்களாக மடித்துக்கொண்டே இருந்தார். நான் அழத் தொடங்கியபோது ஒரு சதுரத்தை நீட்டினார்.

மதியத்துக்கு மேல் மாமா யாழினியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் தூக்குச்சட்டி. புள்ள அழுதா, அதான் கூட்டிட்டு வந்தேன் என்றார். யாழினி அழுத முகமாகத் தெரியவில்லை. சட்டியில் நான்கு பேர் சாப்பிடுகிற அளவுக்குத் தக்காளிச் சாதம் இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி வந்தார். "கிழியல," என்றார் முதலில். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னதை இரண்டாம் முறை கேட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். செவிப்பறை முழுசாக இருக்கிறது, ஆனால் மங்கி மெலிந்திருக்கிறது. இனி நிரந்தரமாகச் சரியாகும் வரை விடக்கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் துளையே தடித்து எலும்பு போல இறுகிவிடும், அப்புறம் காதை அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கழுவும் திரவத்தைக் காது நிறைய ஊற்ற வேண்டும். காதின் அடியை வெளியிலிருந்து இரண்டு விரலால் பிசைய வேண்டும். உள்ளே சளக் சளக் என்று சத்தம் வரும். பிறகு விட்டுவிட வேண்டும், அவளே உதறுவாள். உதறிய பிறகு, விரலில் துணியைச் சுற்றி, விரல் போகும் ஆழம் வரை மட்டும் துடைக்க வேண்டும். குச்சி விடவே கூடாது, அது அழுக்கை உள்ளே தள்ளும். காது காய்ந்த பிறகு சொட்டு மருந்து. குளிப்பாட்டினால் காதில் பஞ்சு வைத்து, முடிந்ததும் எடுத்துவிட்டுக் கழுவும் திரவத்தால் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஞாயிறுதோறும் அவள் செந்திலோடு பம்புசெட் தொட்டியில் குதிப்பதை நிறுத்தினோம். வாசம் போனாலும் மருந்தை நிறுத்தவில்லை. நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு.

இவ்வளவும் செய்தும் மறுபடி சிவந்தது.

அன்றைக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, நான் ஏதோ தவறாகச் செய்கிறேன் என்றேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். பூஞ்சையும் பாக்டீரியாவும் விருந்தாளிகள்தான், கதவைத் திறந்துவிடுவது வேறொன்று. பல நாய்களுக்கு அது ஒவ்வாமை என்றார். தின்னும் பொருள் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் தோல் முழுவதும் நமைக்கும், முதலில் காதில் தெரியும். பவுனு கால் விரல்களை நக்கிக்கொண்டிருப்பது அதனால்தான். கண்டுபிடிக்க ஒரே வழி, இதுவரை தின்னாத இறைச்சி ஒன்று, கிழங்கு ஒன்று. இரண்டைத் தவிர வேறு எதுவும் இரண்டு மாதத்துக்கு வாயில் படக்கூடாது. கோழி, முட்டை, பால், தயிர், பிஸ்கட் எதுவும்.

பவுனு தின்னாதது ஆட்டுக்கறி. எங்கள் வீட்டில் அது நாய்வரைக்கும் மிஞ்சியதில்லை. மலிவான ஆட்டுத் துண்டுகளும் சக்கரைவள்ளிக் கிழங்கும் என்று முடிவானது.

"நாம ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை திங்கோம். அவ தெனமும் திங்கா," என்றார் மாமா. ஆனால் கறிக்கடைக்குப் போனது அவர்தான்.

யாழினி சோற்றை இறைப்பாள் என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்து ஊட்டினேன். தயிர்ப் பாத்திரத்தைக் கழுவும் வரை கொல்லைக் கதவைச் சாத்தினேன். காது வெளுத்தது. விரல் நக்குவது குறைந்தது. மறுபரிசோதனையில் கண்ணாடித் துண்டு சுத்தமாக இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினோம். அடுத்த வாரமே காது சூடேறிச் சிவந்தது. மறுபடி ஆற்றினேன். மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தோம். மறுபடி சிவந்தது.

மாம்பழம் முடிந்துவிட்டது. சின்ன மாமனார் வருகிற வெள்ளிக்கிழமை வருவதாகப் போன் செய்தார். மாமா என்னிடம் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின நாள் கடைசியாக ஒரு முறை என்று அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"வேற ஏதும் குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

சத்தியமாக இல்லை என்றேன். பால் ஒரு சொட்டு கூட இல்லை என்றார் மாமா. இருவரும் உண்மையைத்தான் சொன்னோம், அல்லது அப்படி நம்பினோம்.

வெளியே வந்து வண்டியை நோக்கி நடந்தோம். பவுனு சங்கிலியை இழுத்துக்கொண்டு சாலையோரக் கடைக்குப் போனாள். படிக்குக் கீழே, யாரும் சொல்லாமலே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவர் கை தானாகவே தட்டிலிருந்து ஒரு கிள்ளு எடுத்தது.

"என்ன அண்ணாச்சி, புள்ளைக்குக் கால் கிலோ, இவளுக்கு ஒரு வாய். வழக்கம்போலத்தான?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கடைக்காரரின் விரலைப் பார்த்தார். முதல் நாள் வண்டியில் ஏற்றக் கொடுத்தது. காது கழுவிய மறுநாள் காலையில், ஒன்றும் தின்னாமல் கிடக்கிறாளே என்று கொடுத்தது. ஒவ்வொரு மறுபரிசோதனைக்குப் பிறகும், சமத்தாக நின்றாளே என்று கொடுத்தது. எல்லாமே என் கண்முன்தான் நடந்தது. தயிர்ச் சட்டிக்குக் கதவைச் சாத்தியவள், வண்டியில் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பால் என்றால் எங்களுக்குச் சொம்பில் இருப்பது. பால்கோவா ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் வாங்குவது. அதை நாங்கள் இரண்டு பேருமே உணவுக் கணக்கில் சேர்க்கவில்லை.

"வேண்டாம்யா," என்றார் மாமா. "அவளுக்கு ஆகாது."

பாதி வழியில் திரும்பி டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, ஆகாத பொருளை நிறுத்தி, காது ஆறிய பிறகு அதையே மறுபடி கொடுத்துப் பார்ப்பதுதான் பரிசோதனையின் இரண்டாம் பாதி, அதை நீங்கள் ஒன்றுக்கு இரண்டு முறை முடித்துவிட்டீர்கள் என்றார். பாலைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஆனாலும் முழுசாக நிறுத்தி உறுதி செய்வோம் என்றார்.

வண்டியில் மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஏலே, நாளைக்கு வர வேண்டாம்... இல்லல்ல, நாய் நல்லாத்தான் இருக்கு. என்னையத்தான் தோப்புல கட்டிப் போடணும்."

பால் இல்லாமல் இரண்டு மாதம் முழுசாகப் போனது. காது சிவக்கவில்லை. அதன் பிறகு டாக்டர் சொன்னபடி கோழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்கறி பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பியது. வாரத்துக்கு ஒரு நாள் காதைக் கழுவுகிறேன். தினமும் காலையில் மடலைத் தூக்கி முகர்கிறேன். இதைப் பார்த்து முதலில் சிரித்த செந்தில் இப்போது நான் மறந்தால் அவரே முகர்கிறார். மாமா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெறுங்கையோடு வருகிறார். யாழினிக்கு வாங்கலாமே என்றால், ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க இன்னொருத்தி தின்னக்கூடாது என்கிறார். இனி ஒருபோதும் வராது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. வந்தால் முதல் நாளே எனக்குத் தெரியும். அது போதும்.

மெலிந்த அந்தச் செவிப்பறையில் எவ்வளவு கேட்கிறது என்று துல்லியமாக அளக்கும் கருவி இந்தப் பக்கம் இல்லை. எங்களிடம் யாழினி இருக்கிறாள். தூங்குகிற பவுனுவைத் தொடக்கூடாது, கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நேற்றுக் கொல்லையில் படுத்திருந்தவளை இடப்பக்கம் நின்று கூப்பிட்டாள். பவுனு கண் விழித்து, வலப்பக்கம் திரும்பிச் சுவரைத் தேடினாள். யாழினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாலைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போய், அந்தச் சுவரோரம் நின்று, மறுபடி கூப்பிட்டாள்.